பழைய மாருதி 800-இல் ஸ்டியரிங் ஆட்டம்: எந்த மூட்டு என்று பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்

கேள்வி இதுதான்: 2007 மாடல் மாருதி 800, பவர் ஸ்டியரிங் இல்லாதது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஸ்டியரிங்கை இரண்டு அங்குலம் போலத் திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. 60-ஐத் தாண்டினால் வண்டி நேராகப் போகாமல் அலைகிறது. ஒரு மெக்கானிக், சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டான ராக்கையே மாற்ற வேண்டும் என்கிறார். டயர் கடையில் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்தால் போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். இருவருமே வண்டிக்கு அடியில் படுத்து மூட்டுகளைத் தொட்டுப் பார்த்ததாக உங்கள் கேள்வியில் இல்லை. ஸ்டியரிங் வீலில் நீங்கள் கொடுக்கும் அசைவு ஸ்டியரிங் காலம் (வீலிலிருந்து கீழே வரும் தண்டு), யுனிவர்சல் ஜாயின்ட் (தண்டுகளைக் கோணத்தில் இணைக்கும் மூட்டு), பினியன் (பல்சக்கரம்), ராக், ராக் எண்ட் (உள் மூட்டு), டை ராட் எண்ட் (வெளி மூட்டு), நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) என்று வரிசையாகக் கடந்து சக்கரத்துக்குப் போகிறது. இதில் ஏதோ ஓரிடத்தில் அசைவு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் துணையும் அரை மணி நேரமும் போதும். அதைச் செய்யாமல் ராக்கை மாற்றினால் பல ஆயிரம் ரூபாய் போன பிறகும் ஆட்டம் அப்படியே இருக்கக்கூடும். தேய்ந்து போனது சில நூறு ரூபாய் விலையுள்ள டை ராட் எண்டாக இருந்தால் வேறென்ன ஆகும்?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் வேறு, அலைச்சல் வேறு. ஆட்டம் என்பது வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே கையால் உணரக்கூடியது. அலைச்சல் ஓடும்போது மட்டும் தெரிவது. ஸ்டியரிங்கில் துளி ஆட்டம் இல்லாத வண்டியும் டயர், புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) கோளாறால் அலையும். உங்கள் வண்டியில் இரண்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். வண்டியைச் சமதளத்தில், சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். இன்ஜின் ஆஃப். ஸ்டியரிங் லாக் விடுபடும் அளவுக்குச் சாவியைத் திருப்பினால் போதும். வீலின் விளிம்பில் ஒரு டேப் துண்டை ஒட்டி, பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். வெளியே நிற்பவர் முன் டயரை மட்டும் பார்க்க வேண்டும். டயர் அசையத் தொடங்கும் இடத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் குறித்துக்கொண்டால் நடுவில் இருப்பதுதான் ஆட்டம். சுசுகி கையேடுகள் விளிம்பில் 30 மி.மீ. வரை அனுமதிக்கின்றன. நல்ல நிலையில் உள்ள 800-இல் அதைவிடக் குறைவாகவே இருக்கும். நீங்கள் சொல்லும் இரண்டு அங்குலம் 50 மி.மீ. என்பதால், இது கவனிக்க வேண்டிய கோளாறுதான், உங்கள் கற்பனை இல்லை.

"எஃப்.சி. போன வருஷம்தான் எடுத்தது, ஸ்டியரிங் நன்றாக இருக்கிறது" என்று, வண்டியின் தகுதிச் சான்றிதழைக் காட்டி, விற்பவர்கள் சொல்வதுண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 98-ஆம் விதி ஸ்டியரிங் ஆட்டத்துக்கு 30 டிகிரி வரை இடம் கொடுக்கிறது. சுமார் 38 செ.மீ. விட்டமுள்ள வீலில் 30 டிகிரி என்றால் விளிம்பில் ஏறக்குறைய 10 செ.மீ. லாரி, பஸ், ஜீப் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதிய எல்லை அது. ராக் அண்ட் பினியன் உள்ள ஒரு சின்னக் காரில் 10 செ.மீ. ஆட்டத்தோடு பைபாஸில் போவதை நான் நினைத்தும் பார்க்க மாட்டேன். 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. ஆகவே எஃப்.சி. தாளை ஸ்டியரிங்குக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே விதியில் உள்ள இன்னொரு பகுதி நமக்கு மிகவும் பயன்படும்: ஸ்டியரிங் இணைப்பின் பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டுகளும் பின்களும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் அடியில் படுத்ததும் கண்ணால் பார்க்க வேண்டியவை இவையே.

அடியில் போவதற்கு முன் டயரைப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது, பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் காற்றழுத்தத்தைப் பார்த்து, கையேட்டிலோ கதவோரத்து ஸ்டிக்கரிலோ உள்ள அளவுக்கு வையுங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் டயர் தயாரான வாரமும் வருடமும். 2315 என்று இருந்தால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். குறைவாக ஓடிய பழைய கார்களில் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டிகள்) நிறைய இருந்தும் டயர் பத்து வயதைத் தாண்டியிருக்கும். ரப்பர் இறுகி, பக்கச் சுவரில் வெடிப்பு விட்ட டயரில் வண்டி நேராகப் போகாது. அப்புறம் வீல் நட்டுகள் நான்கு சக்கரத்திலும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஸ்பானர் போட்டே பாருங்கள். முன் டயரின் உள் ஓரம் மட்டுமோ வெளி ஓரம் மட்டுமோ தேய்ந்திருந்தால் குறித்து வையுங்கள், அலைன்மென்ட் பேச்சு வரும்போது அது உதவும்.

இனி முக்கியமான சோதனை. சக்கரங்கள் தரையில்தான் இருக்க வேண்டும், ஜாக்கி வேண்டாம். டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் மூட்டுகளில் உண்மையான எதிர்ப்பு இருக்கும், தேய்ந்த இடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். உதவியாளர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக, ஆட்டம் தீர்ந்து லேசாக டயர் அசையும் அளவுக்கு, சீராக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக ஆட்டச் சொல்லாதீர்கள். நீங்கள் ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பாருங்கள். மூட்டின் இரு பக்கத்தையும் ஒரே கையின் விரல்கள் தொட வேண்டும். ஒரு பக்கம் நகர்ந்து, மறு பக்கம் சற்றுத் தாமதமாக நகர்ந்தால் விரலுக்கே ஒரு தட்டல் தெரியும். கண்ணைவிட விரல் இதில் நம்பகமானது.

மேலிருந்தே தொடங்கலாம். உள்ளே பெடல்களுக்கு மேல் ஸ்டியரிங் காலம் வந்து சேரும் இடத்தில் யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். ஸ்டியரிங் பக்கத் தண்டு திரும்பி, ராக் பக்கத் தண்டு சற்றுக் காத்திருந்து திரும்பினால் ஆட்டம் அங்கேதான். ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். ஸ்ப்ளைன் (தண்டின் நுனியில் உள்ள பல்வரிகள்) மேல் இறுக்கிப் பிடிக்கும் போல்ட் மட்டும் தளர்ந்திருக்கவும் கூடும். ஸ்டியரிங் காலத்தையோ ராக்கையோ கழற்றி மாட்டிய வண்டிகளில் அந்த போல்ட்டை முழுதாக இறுக்காமல் விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் ஒரு ஸ்பானரில் வேலை முடிந்தது. ஆனால் தளர்ந்தபடியே நெடுநாள் ஓடியிருந்தால் ஸ்ப்ளைன் தேய்ந்திருக்கும், அப்போது இறுக்கியும் நிற்காது, ஜாயின்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து ராக்கின் உடல். அது கிளாம்பும் ரப்பரும் வைத்து பாடியோடு பிடிக்கப்பட்டிருக்கிறது. உதவியாளர் ஆட்டும்போது ராக்கின் கூடே இடமும் வலமுமாக நகர்கிறதா என்று பாருங்கள். ஆயில் கசிந்து ஊறிய ரப்பர் இளகிவிடும். உள்ளே இருக்கும் ராக் தண்டு நகர்வதற்குப் பதில் கூடு நகரும். ஓட்டுபவருக்கு இது ராக் தேய்ந்ததைப் போலவே தெரியும். ராக்கை மாற்று என்று சொல்லும் முன் இந்தக் கிளாம்பைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அப்புறம் ராக் எண்ட். இது துருத்தி போன்ற ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும். உறையை வெளியிலிருந்தே விரலால் அழுத்தி உள்ளே இருக்கும் பந்து மூட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டச் சொல்லுங்கள், தட்டல் இருந்தால் உணரலாம். உறை கிழிந்திருந்தால் தூசியும் மழைநீரும் உள்ளே போயிருக்கும். கடைசியாக டை ராட் எண்ட், அதாவது நக்கிளோடு சேரும் வெளி மூட்டு. வயதான 800-களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பந்து தன் குழிக்குள் மேலும் கீழும் ஏறி இறங்கினால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும். காசில் நட்டில் (வெட்டுகள் உள்ள நட்டு), அது கழலாமல் பூட்டும் கோட்டர் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின் இல்லாத இடத்தில் கம்பியையோ ஆணியையோ வளைத்துச் சொருகியிருந்தால் அந்த வேலையைச் செய்தவர் தொட்ட மற்ற இடங்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஜாக்கி போடும் கட்டம் இப்போதுதான். பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் வைக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் அடுக்காதீர்கள், பாரத்தில் சட்டென்று நொறுங்கும். ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். மறு சக்கரம் தரையில் இருந்தால் ராக் நகராமல் பிடித்துக்கொள்ளும்.

கடிகாரத்தில் 9 மணி, 3 மணி இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். தொடக்கத்திலேயே 'டக்' என்று ஒரு தட்டல் வந்தால் ஸ்டியரிங் இணைப்பில் தேய்மானம். இன்னும் பலமாகத் தள்ளினால் ஸ்டியரிங்கே திரும்பும், அதை ஆட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறகு 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து அசையுங்கள். இங்கே ஆட்டம் இருந்தால் வீல் பேரிங், அல்லது லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் தண்டு) பால் ஜாயின்ட். எது என்று பிரிக்க உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங் பக்கம், மறையாவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம். மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஒரே மாதிரி ஆடுவதும் பேரிங்கின் அடையாளம். சக்கரத்தைக் கையால் சுற்றி ஸ்பிரிங் மேல் கை வையுங்கள், கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வரும். பால் ஜாயின்ட்டைத் தனியாகச் சோதிக்க ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே ஒரு லீவரைக் கொடுத்து மெதுவாக நெம்பிப் பார்க்கலாம்.

டை ராட் எண்டோ பால் ஜாயின்ட்டோ கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடினால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள், இல்லையென்றால் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பந்து குழியிலிருந்து கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங்கின் பேச்சைக் கேட்காது. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் அப்படியே மடிந்துவிடும். இந்த இரண்டையும் சம்பள நாள் வரை தள்ளிப்போடக் கூடாது.

இதுவரை பார்த்தது ஆட்டம். இனி அலைச்சலுக்கு வருகிறேன். 800-இன் முன் சஸ்பென்ஷனில் ஒரு தனித்தன்மை உண்டு. லோயர் ஆர்ம் குறுக்காகப் போகும் ஒற்றைத் தண்டு. அது முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது ஸ்டெபிலைசர் பார்தான். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் வேலையோடு இந்த வேலையும் அதன் தலையில் இருக்கிறது. அதன் நுனியில் ஆர்மோடு சேரும் இடத்திலும் நடுவில் பாடியோடு சேரும் இடத்திலும் ரப்பர் புஷ்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன வண்டியில் இவை நசுங்கியோ வெடித்தோ இருப்பது சர்வ சாதாரணம். புஷ் போய்விட்டால் சக்கரமே முன்னும் பின்னும் நகரும். நகரும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் திசை கொஞ்சம் மாறும். ஸ்டியரிங்கை எத்தனை அருமையாகச் சரிசெய்தாலும் வண்டி அலைந்துகொண்டே இருக்கும்.

இதை ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், 40 வேகத்தில், லேசாக பிரேக் பிடியுங்கள். வண்டி ஒரு பக்கம் எட்டிப் பார்க்கிறதா? ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது மறு பக்கமும் நழுவுகிறதா? அப்படியென்றால் ஆர்ம் புஷ்ஷையும் ஸ்டெபிலைசர் புஷ்ஷையும் சந்தேகப்படுங்கள். மேடு பள்ளத்தில் மட்டும் திசை மாறினால் ராக் மவுண்ட்டையும் டை ராட் மூட்டுகளையும் இன்னொரு முறை பாருங்கள். வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை என்றால் அது வேறு கதை: ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட் இறுகியிருக்கலாம், பால் ஜாயின்ட் வறண்டிருக்கலாம், இல்லையென்றால் யாரோ ராக்கின் ஸ்க்ரூவை அதிகமாக இறுக்கியிருக்கலாம். வண்டி தானாக நேராக வராததால் ஓட்டுபவர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பார். அதையும் அலைச்சல் என்றுதான் சொல்வார். நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும், இடப்பக்கம் மெல்லச் சாய்ந்து போவது மட்டும் இருந்தால் கவலை வேண்டாம்.

அந்த ஸ்க்ரூவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ராக் தண்டின் பற்களைப் பினியனோடு அணைத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங்கும் அழுத்தும் கட்டையும் உண்டு, அதை இறுக்கும் ஸ்க்ரூ வெளியில் லாக் நட்டோடு இருக்கும். ஆட்டம் என்று சொன்னதுமே சில இடங்களில் இதைத்தான் இறுக்குவார்கள். உடனே ஸ்டியரிங் கெட்டியானது போல இருக்கும், வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகப் போவார். தேய்ந்த டை ராட் எண்ட் அப்படியே இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ராக்கின் நடுப்பற்கள்தான் அதிகம் தேய்கின்றன, ஓரத்துப் பற்கள் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். நடுவில் ஆட்டம் போகும் வரை இறுக்கினால் ஓரத்தில் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும். வளைவில் ஸ்டியரிங் சிக்குவதைவிட ஆட்டமே மேல். மற்ற எல்லா மூட்டும் சரி என்று உறுதியான பிறகு, சக்கரங்களைத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

சரி, ராக் எப்போது உண்மையிலேயே போய்விட்டது என்று சொல்லலாம்? பினியனுக்கு வரும் தண்டு திரும்பியும் ராக் நகரவில்லை, கிளாம்ப் கெட்டியாக இருக்கிறது, ஸ்க்ரூவை முறையாக வைத்தும் நடுவில் ஆட்டம் குறையவில்லை என்றால் பற்கள் தேய்ந்துவிட்டன. ராக்கை ஒட்டி டை ராடைப் பிடித்து மேலும் கீழும் தூக்கும்போது தண்டு கூட்டுக்குள் ஆடினால் கோடியில் உள்ள புஷ் போயிருக்கிறது. நம் வண்டிகளில் பினியன் வலப்பக்கம் இருப்பதால் அந்த புஷ் இடப்பக்கம் இருக்கும். அதை மட்டும் தனியாக மாற்ற முடியும். முழு ராக் வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

வண்டி அடிபட்டதா என்பதையும் இந்த வேலையோடு பார்த்துவிடலாம். ஸ்டியரிங் வீல் நேராக இருக்கும் நிலையிலிருந்து இடக் கோடிக்கு எத்தனை சுற்று, வலக் கோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். சமமாக இல்லாவிட்டால், கோணலாக நின்ற வீலை யாரோ கழற்றி நேராக மாட்டியிருக்கிறார்கள், அல்லது டை ராடுகளை ஒருபக்கமாகத் திருகியிருக்கிறார்கள். அப்புறம் சக்கரங்களை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் டேப் பிடியுங்கள். 800-இன் வீல்பேஸ் 2175 மி.மீ. இரு பக்கத்துக்கும் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆர்மோ பாடியோ வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். வளைந்த ஆர்மோடு எந்த அலைன்மென்டும் நிற்காது.

அலைன்மென்ட் கடைசியில்தான். ஆட்டமுள்ள மூட்டை வைத்துக்கொண்டு டோ வைத்தால், மெஷினில் நிற்கும்போது ஓர் அளவும் சாலையில் வேறோர் அளவுமாக இருக்கும். கொடுத்த பணம் வீண். ஆனால் டை ராட் எண்டோ ராக் எண்டோ மாற்றிய பிறகு அலைன்மென்ட் தவிர்க்க முடியாதது. கழற்றும்போது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி அதே அளவுக்குப் புதியதைத் திருகினால், டயர் கடை வரை ஓட்டிப் போகும் அளவுக்குச் சரியாக இருக்கும். சக்கரங்களின் முன்பக்கம் விரிந்திருந்தால் வண்டி நேர்கோட்டில் நிலைக்காது, அதனால் டோவைக் கையேட்டில் உள்ளபடி வைக்கச் சொல்லுங்கள். பிரிண்ட் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். காஸ்டரோ கேம்பரோ (சக்கரத்தின் மற்ற சாய்வுக் கோணங்கள்) ஒரு பக்கம் மட்டும் சிவப்பில் இருந்தால், அது ஸ்ட்ரட்டோ ஆர்மோ வளைந்த கதை. டோவைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது.

இதே சோதனை ஆல்டோ, ஜென், ஆம்னி போன்ற ராக் அண்ட் பினியன் வண்டிகளுக்கும் பொருந்தும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் மட்டும் இன்ஜினை ஓடவிட்டு ஆட்டத்தை அளக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் டார்ஷன் பார் என்ற முறுங்கும் தண்டின் முறுக்கலையும் ஆட்டம் என்று எண்ணிவிடுவோம். ஜிப்ஸி, பழைய ஜீப் எல்லாம் ஸ்டியரிங் பாக்ஸ் வண்டிகள். அவற்றில் பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க் என்று மூட்டுகள் கூடுதல், நடுவில் கொஞ்சம் ஆட்டம் பிறப்பிலேயே உண்டு.

உங்கள் வண்டிக்கு நான் வைக்கும் வரிசை இது: டயர், டை ராட் எண்ட், ஸ்டெபிலைசர் மற்றும் ஆர்ம் புஷ்கள், யுனிவர்சல் ஜாயின்ட் போல்ட், ராக் கிளாம்ப், அதற்குப் பிறகே ராக். டை ராட் எண்ட் ஒரு பக்கம் போயிருந்தால் இரு பக்கமும் மாற்றிவிடுங்கள், இரண்டுக்கும் வயது ஒன்றுதான். நல்ல கம்பெனிப் பாகமாக, பில்லோடு வாங்குங்கள். கோட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, பந்தைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது இன்னும் கெட்டியாக இருந்தால், மாற்றியது தவறான பாகம். ஆட்டத்தை மறுபடி ஸ்கேல் வைத்து அளந்து, முதலில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிட்டு, குறையாமல் இருந்தால் அங்கேயே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் லாக் நட்டுகளையும் வீல் நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.